கணினியில் ஷாட்கட் நிறுவுதல்: இலவசக் காணொளித் தொகுப்பு மென்பொருளைச் சரியான இடத்திலிருந்து எடுக்கும் வழி

கைப்பேசியில் எடுத்த காட்சிகளைக் கணினியில் ஏற்றி, வேண்டாதவற்றை வெட்டி நீக்கி, பின்னணி இசையும் தமிழ்த் தலைப்பும் சேர்த்து ஒரே காணொளியாக ஆக்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பணச் செலவில்லாமலேயே நல்ல மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஆயினும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் அந்த மென்பொருளுக்குள் நுழைவதற்கு முன்பே வழி தவறிவிடுகிறார்கள். தேடுபொறி காட்டும் முதல் இணைப்பைச் சொடுக்கி, அங்கே கண்ணில் படும் பெரிய பொத்தானை அழுத்தி, தாம் தேடாத வேறு ஏதோ ஒரு நிரலைக் கணினியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அல்லது பல நாள் உழைத்துத் தொகுத்த காணொளியை வெளியே எடுக்கும் நேரத்தில், படத்தின் குறுக்கே ஒரு நிறுவனத்தின் நீர்க்குறி விழுவதைக் கண்டு திகைக்கிறார்கள். மென்பொருளை எங்கிருந்து எடுக்க வேண்டும், எடுத்ததை எப்படிச் சரிபார்க்க வேண்டும், முதல் நாளிலேயே எதைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் இந்தத் துன்பங்கள் எதுவும் நேராது. இவற்றை ஷாட்கட் என்ற ஒரு மென்பொருளைக் கொண்டு, விண்டோஸ் கணினியை மனத்தில் வைத்துப் படிப்படியாக விளக்குகிறேன்.

எந்த மென்பொருள் என்ற தேர்வு

ஷாட்கட் ஒரு கட்டற்ற மென்பொருள். அதன் மூல நிரல் எவரும் பார்க்கும்படி வெளியே உள்ளது. டேன் டென்னடி என்ற நிரலாளர் 2011 முதல் அதன் இன்றைய வடிவத்தை எழுதி வளர்த்து வருகிறார். காணொளிகளைப் படிக்கவும் எழுதவும் அது எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுதியைப் பயன்படுத்துவதால், பெரும்பாலான கைப்பேசிகளும் கேமராக்களும் தரும் கோப்புகளை அப்படியே திறக்கும். அதில் நீர்க்குறி கிடையாது, காலக்கெடு கிடையாது, கணக்குத் தொடங்கவோ மின்னஞ்சல் முகவரி கொடுக்கவோ தேவையில்லை. நிறுவி முடித்த பிறகு இணையம் இல்லாமலேயே அதில் வேலை செய்யலாம்.

இதே தரத்தில் வேறு தேர்வுகளும் உண்டு. கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தார் உருவாக்கும் கேடென்லைவ், பல அடுக்குகளில் காட்சிகளை வைத்து வேலை செய்ய விரும்புகிறவர்களுக்கு வசதியானது; லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் அதையே முதலில் எடுத்துப் பார்க்கலாம். ஓப்பன்ஷாட் மேலும் எளிய முகப்பைக் கொண்டது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் வெளியிடும் டாவின்சி ரிசால்வ் திரைப்படத் துறையினர் நிறத் திருத்தத்துக்குப் பயன்படுத்தும் மென்பொருள். அதன் இலவசப் பதிப்பே மிகுந்த ஆற்றல் உடையது. ஆனால் அது பல ஜிபி அளவுள்ள பதிவிறக்கம், வலுவான கிராஃபிக்ஸ் அட்டை, 16 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட நினைவகம் (ரேம்) ஆகியவற்றை எதிர்பார்க்கிறது. வீட்டிலுள்ள சாதாரண மடிக்கணினியில் அதை ஏற்றினால் திறப்பதற்கே நெடுநேரம் ஆகும். விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் எளிதுதான் என்றாலும், அதற்கு உள்நுழைவுக் கணக்கு வேண்டும். சில வசதிகள் கட்டணத்துக்குப் பின்னால் உள்ளன. சாதாரணக் கணினி, குறைந்த இணையத் தரவு, கணக்கு எதுவும் தொடங்க விருப்பமில்லாத தொடக்கநிலையாளர் என்ற மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்கையில் ஷாட்கட்டையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கட்டண மென்பொருள்களின் உரிமப் பூட்டை உடைத்த ‘கிராக்’ பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பதுண்டு. அத்தகைய கோப்புகள் பெரும்பாலும் கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பாக வரும்; நிறுவுவதற்கு முன் வைரஸ் தடுப்பை நிறுத்திவிடச் சொல்லும் குறிப்பும் உடன் இருக்கும். அந்தக் குறிப்பைக் கண்டதுமே விலகிவிட வேண்டும். உலாவியில் சேமித்துள்ள கடவுச்சொற்களையும் வங்கி விவரங்களையும் திருடும் நிரல்கள் பரவுவதற்கு இது மிகப் பழகிய வழி. நேர்மையான இலவச மென்பொருள் இருக்கும்போது இந்த ஆபத்தை ஏற்கக் காரணமே இல்லை.

பதிவிறக்கும் முன் கணினியைப் பார்த்துக்கொள்ளுதல்

‘ஸ்டார்ட்’ பொத்தானை அழுத்தி, ‘செட்டிங்ஸ்’, பிறகு ‘சிஸ்டம்’, பிறகு ‘அபவுட்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். செயலியின் (பிராசஸர்) பெயர், நினைவகத்தின் அளவு, விண்டோஸ் 64 பிட் வகையா என்ற விவரம் ஆகியவை அங்கே இருக்கும். ஷாட்கட்டின் இன்றைய பதிப்புகளுக்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது 11 வேண்டும். நினைவகத்தைப் பொறுத்தவரை, சாதாரணத் தெளிவுள்ள காணொளிக்குக் குறைந்தது 4 ஜிபி, எச்டி காணொளிக்கு 8 ஜிபி, 4கே காணொளிக்கு 16 ஜிபி என்று ஷாட்கட் தரப்பிலேயே அளவு சொல்லப்பட்டுள்ளது. செயலிக்கும் இதேபோல எச்டிக்கு இரண்டு கோர்கள், 4கேவுக்கு நான்கு கோர்கள் என்று கணக்கு உண்டு. உங்கள் கணினியில் 4 ஜிபி மட்டுமே இருந்தால் நிறுவக்கூடாது என்பதில்லை. ஆனால் உலாவி உட்பட மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, சிறு துண்டுகளாக வேலை செய்யும் பொறுமை வேண்டியிருக்கும்.

வட்டில் காலியிடம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். மென்பொருளுக்கு ஒன்றிரண்டு ஜிபி இடம் போதும். இடத்தை உண்பவை காணொளிகள்தான். ஐபோனின் கேமரா அமைப்புப் பக்கம், நொடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்) உள்ள 1080பி காணொளிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 எம்பியும், அதே வேகத்தில் 4கே காணொளிக்கு 170 எம்பியும் ஆகும் என்று காட்டுகிறது. அதுவும் சுருக்கம் மிகுந்த வகையில் பதிவு செய்தால். ஒரு மணி நேர நிகழ்ச்சியை 4கேயில் எடுத்தவர், மூலக் காட்சிகளுக்கு மட்டும் 10 ஜிபி வைத்துக்கொள்ள வேண்டும். தொகுத்து முடித்த காணொளிக்கும், இடையில் உருவாகும் மாற்றுக் கோப்புகளுக்கும் அதைப் போல மேலும் சில மடங்கு இடம் ஒதுக்குவது நல்லது.

சரியான பக்கத்தை அடைதல்

இந்தப் படியில் சற்று நிதானிக்க வேண்டும். ஏன் என்பதற்கு ஓர் உண்மை நிகழ்வைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முன்பு இலவசமாக வழங்கிவந்த விண்டோஸ் மூவி மேக்கர் மென்பொருளை 2017 ஜனவரி 10 அன்று நிறுத்திக்கொண்டது. மக்களோ அதைத் தொடர்ந்து தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலைப் பயன்படுத்திக்கொண்டு யாரோ ஒரு போலித் தளத்தைத் தொடங்கினார்கள். அது கூகுள் தேடல் முடிவுகளிலேயே மேலே வந்து நின்றது. அங்கிருந்து இறக்கிய மென்பொருள் வேலையும் செய்தது. தொகுத்ததைச் சேமிக்கப் போகும்போதுதான், முழுப் பதிப்பை 29.95 டாலர் கொடுத்து வாங்குமாறு திரையை மறித்தது. உண்மையான மூவி மேக்கருக்கு விலையே கிடையாது. ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2017 நவம்பரில் இதை வெளிப்படுத்திய காலத்தில், பல நாடுகளில் அது மிகப் பரவலாகக் காணப்பட்ட மோசடிகளுள் ஒன்றாக இருந்தது. தேடல் முடிவில் முதலிடத்தில் இருப்பதால் ஒரு தளம் உண்மையானதாகிவிடாது என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

ஆகவே உலாவியின் முகவரிப் பட்டையில் ஷாட்கட்டின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஆங்கிலத்தில் ஷாட்கட் என்ற ஒரே சொல், அதன்பின் ஒரு புள்ளி, அதன்பின் ஆர்க், அவ்வளவுதான். இடையில் சிறு கோடு இல்லை. ‘டவுன்லோட்’, ‘ஃப்ரீ’, ‘ப்ரோ’ போன்ற சொற்கள் ஒட்டியிருப்பதில்லை. முடிவில் ‘காம்’ இல்லை. தேடுபொறி வழியாகச் செல்வதானால், ‘ஸ்பான்சர்டு’ என்று குறித்த முடிவுகளைக் கடந்து, சொடுக்கும் முன் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். எந்த மென்பொருளுக்கும் இந்த வழக்கம் பொருந்தும்: மென்பொருள்களைத் தொகுத்து வழங்கும் மூன்றாம் தளங்களைத் தவிர்த்து, உருவாக்கியவரின் சொந்தப் பக்கத்துக்கே செல்ல வேண்டும். அப்பக்கத்தின் முகவரி தெரியாவிட்டால் விக்கிப்பீடியாவில் அந்த மென்பொருளைப் பற்றிய கட்டுரையின் வலப்பக்கத் தகவல் பெட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

கோப்பைத் தேர்ந்து இறக்குதல்

தளத்தின் மேற்பகுதியில் ‘டவுன்லோட்’ என்ற இணைப்பு உள்ளது. அதைச் சொடுக்கினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று தனித்தனிப் பகுதிகள் வரும். பக்கத்தில் விளம்பரம் ஏதேனும் இருந்து, அதிலும் ‘டவுன்லோட்’ அல்லது ‘ஸ்டார்ட்’ என்ற பெரிய பொத்தான் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் என்ற தலைப்பின் கீழே எழுத்து வடிவில் உள்ள இணைப்புகளே உங்களுக்கு வேண்டியவை.

விண்டோஸின் கீழ் இரண்டு வகை உண்டு. ‘இன்ஸ்டாலர்’ என்பது வழக்கமான முறையில் கணினியில் நிறுவிக்கொள்ளும் கோப்பு. பெரும்பாலானோர் எடுக்க வேண்டியது இதுதான். ‘போர்ட்டபிள்’ என்பது ஜிப் கோப்பு. அதை விரித்து ஒரு கோப்புறையில் வைத்தாலே மென்பொருள் இயங்கும். கல்லூரிக் கணினியிலோ அலுவலகக் கணினியிலோ நிர்வாகி உரிமை இல்லாதவர்களுக்கும், பென்டிரைவில் எடுத்துச் சென்று பயன்படுத்துகிறவர்களுக்கும் அது உதவும். இணைப்பைச் சொடுக்கியதும் முகவரி, மூல நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் போன்ற வேறொரு தளத்துக்கு மாறினால் அஞ்ச வேண்டாம். திட்டத்தின் வெளியீட்டுக் கோப்புகள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. நீங்கள் புறப்பட்ட பக்கம் சரியானது என்றால் போதும்.

கோப்பின் பெயரில் உள்ள எண்கள் பதிப்பைக் குறிக்கும். ஷாட்கட்டில் அவை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைந்திருக்கும். எடுத்துக்காட்டாக 24, 01, 28 என்ற எண்கள் 2024 ஜனவரி 28 தேதியிட்ட பதிப்பைக் காட்டும். எண்ணைப் பார்த்தவுடனே அது எவ்வளவு பழையது என்று தெரிந்துவிடுவது ஒரு நல்ல வசதி.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் ஷாட்கட் உள்ளது. அங்கே அதற்கு விலை உண்டு. அதைக் கண்டு இந்த மென்பொருள் கட்டணமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். திட்டத்துக்கு ஆதரவு தர விரும்புகிறவர்களுக்காகவும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை விரும்புகிறவர்களுக்காகவும் அது வைக்கப்பட்டுள்ளது. தளத்திலிருந்து நேரே இறக்குவது முழுவதும் இலவசம். பயன்படுத்திப் பார்த்துப் பிடித்துப்போய், வசதியும் இருந்தால், ஸ்டோரில் வாங்கி அந்த உழைப்புக்கு ஒரு சிறு தொகை கொடுப்பது நல்ல செயல்.

இறங்கிய கோப்பைச் சரிபார்த்தல்

இந்தப் படியைப் பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடுகின்றன. இது சில நிமிடங்கள்கூட ஆகாத வேலை. ஆனால் சரியான தளத்துக்குச் சென்றவர்களையும் காப்பாற்றக்கூடியது. 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் காணொளி மாற்றி மென்பொருளின் பதிவிறக்கச் சேவையகங்களுள் ஒன்றுக்குள் யாரோ ஊடுருவி, மேக் கணினிக்கான கோப்பை எடுத்துவிட்டு, புரோட்டான் என்ற உளவு நிரல் கலந்த கோப்பை வைத்துவிட்டார்கள். மே 2 முதல் 6 வரை அந்தப் பொய்க் கோப்பு அங்கேயே இருந்தது. அதை இறக்கியவர்கள் சென்றது உண்மையான தளத்துக்குத்தான். அவர்களிடம் இருந்த கோப்பு நல்லதா கெட்டதா என்பதை ஹேண்ட்பிரேக் குழுவினர் அறியச் சொன்ன வழிகளுள் ஒன்று, கோப்பின் ஹேஷ் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பது.

ஹேஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டுப் பெறும் கைரேகை போன்ற ஒரு நீண்ட எழுத்தெண் தொடர். கோப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் தொடர் முற்றிலும் மாறிவிடும். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டால் 64 எழுத்தெண்கள் வரும். ஷாட்கட் திட்டத்தினர் ஒவ்வொரு பதிப்போடும் இந்தத் தொடர்களைத் தனி எழுத்துக் கோப்பாக வெளியிடுகிறார்கள். கிட்ஹப்பில் அந்தப் பதிப்பின் கோப்புப் பட்டியலில் அதைக் காணலாம்.

உங்களிடம் உள்ள கோப்பின் ஹேஷைக் கணக்கிட விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. ‘ஸ்டார்ட்’ பட்டியலில் பவர்ஷெல் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் சாளரம்) என்று தேடித் திறந்து, ஆங்கிலத்தில் கெட், சிறு கோடு, ஃபைல்ஹேஷ் என்று இடைவெளி விடாமல் தட்டச்சு செய்யுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு, பதிவிறக்கிய கோப்பை ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிலிருந்து இழுத்து வந்து அந்தச் சாளரத்தின் மேல் போடுங்கள். கோப்பின் முழு முகவரியும் தானே எழுதப்பட்டுவிடும். ‘என்டர்’ விசையை அழுத்தினால் சற்று நேரத்தில் நீண்ட தொடர் தோன்றும். அதைக் கண்ணால் ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டியதில்லை. தொடரை நகலெடுத்து, ஷாட்கட் வெளியிட்ட எழுத்துக் கோப்பை உலாவியில் திறந்து, ‘கன்ட்ரோல்’, ‘எஃப்’ விசைகளை அழுத்தி, வரும் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். பொருத்தம் காட்டினால் கோப்பு சரியானது. பொருத்தம் இல்லையென்றால், பதிவிறக்கம் பாதியில் அறுந்திருக்கலாம். கோப்பை நீக்கிவிட்டு மீண்டும் இறக்குங்கள். இரண்டாம் முறையும் பொருந்தாவிட்டால் அதை நிறுவவே வேண்டாம்.

நிறுவுதல்

கோப்பை இருமுறை சொடுக்கினால், ‘விண்டோஸ் புரொடெக்டட் யுவர் பிசி’ என்ற நீல எச்சரிக்கை சில கணினிகளில் வரக்கூடும். அதிகம் பேர் இறக்காத புதிய கோப்புகளுக்கும் விண்டோஸ் இவ்வாறு எச்சரிப்பது வழக்கம். ஹேஷ் பொருந்தியிருந்தால் மட்டும் ‘மோர் இன்ஃபோ’ என்பதையும் பிறகு ‘ரன் எனிவே’ என்பதையும் அழுத்தித் தொடரலாம். சரிபார்க்காத கோப்புக்கு இப்படி அனுமதி தருவது வாசற்கதவைத் திறந்து வைப்பதாகும் என்பதால்தான் முந்தைய படியை வலியுறுத்தினேன். அடுத்து, கணினியில் மாற்றம் செய்ய அனுமதி கேட்கும் பெட்டி வரும். அதில் வெளியீட்டாளர் பெயர் உள்ள வரியைப் படித்துவிட்டு ‘யெஸ்’ என்பதை அழுத்துங்கள். ஷாட்கட்டின் உரிமைக் குறிப்பில் இடம்பெறும் நிறுவனப் பெயர் மெல்ட்டிடெக்.

இதற்குப் பிறகு சிக்கல் ஏதும் இல்லை. உரிம விவரம், நிறுவ வேண்டிய கோப்புறை, முகப்புத் திரையில் குறுக்குவழி வேண்டுமா என்ற கேள்விகள் வரும். கோப்புறையை மாற்றத் தேவையில்லை. நிறுவும்போது உலாவிப் பட்டைகள், வைரஸ் தடுப்பு சோதனைப் பதிப்புகள் போன்ற கூடுதல் நிரல்களை ஏற்கச் சொல்லும் பெட்டிகள் ஷாட்கட்டில் கிடையாது. அப்படி ஏதேனும் தோன்றினால் நீங்கள் இறக்கியது ஷாட்கட் அல்ல என்று உறுதியாகக் கொண்டு, உடனே நிறுத்திவிடுங்கள்.

மேக் கணினியில் டிஎம்ஜி கோப்பைத் திறந்து, ஷாட்கட் சின்னத்தை ‘அப்ளிகேஷன்ஸ்’ கோப்புறைக்கு இழுத்துப் போட்டால் போதும். லினக்ஸில் ஆப்இமேஜ், ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற மூன்று வடிவங்களிலும் கிடைக்கிறது.

முதல் நாள் சோதனை

நிறுவியதும் பெரிய வேலை எதையும் தொடங்க வேண்டாம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான இரண்டு காட்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடக்கத்திலிருந்து வெளியீடு வரை ஒருமுறை முழுமையாகச் சென்று பாருங்கள். உங்கள் கணினியால் முடியுமா, ஒலி சரியாக வருகிறதா, நீர்க்குறி ஏதும் விழுகிறதா என்ற ஐயங்கள் எல்லாம் அந்த ஒரே சோதனையில் தீர்ந்துவிடும்.

காட்சிகளைக் கைப்பேசியிலிருந்து கேபிள் வழியாகக் கணினிக்கு நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பி எடுத்தால் அது காணொளியைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும்; வேறு வழியில்லையென்றால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். எல்லாக் காட்சிகளையும் இசைக் கோப்பையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். ஷாட்கட்டின் திட்டக் கோப்பில் காணொளிகள் அடங்கியிருப்பதில்லை. எந்தக் காட்சி எந்த இடத்தில் உள்ளது, எங்கே வெட்டப்பட்டுள்ளது என்ற குறிப்புகள் மட்டுமே அதில் உள்ளன. எனவே வேலை முடியும் முன் மூலக் காட்சிகளை நீக்கினாலோ வேறு இடத்துக்கு மாற்றினாலோ திட்டம் அவற்றைக் காணாமல் தவிக்கும். கணினியில் இடம் போதவில்லை என்று மூலக் காட்சிகளை அழித்துவிட்டு, திட்டக் கோப்பை மட்டும் பத்திரமாக வைத்திருப்பது புதியவர்களிடம் காணப்படும் பிழைகளிலேயே மீட்க முடியாதது.

ஷாட்கட்டைத் திறந்ததும் வரும் பக்கத்தில் திட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்து, கோப்புறையைக் காட்டி, ‘வீடியோ மோட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ என்றே விட்டு ‘ஸ்டார்ட்’ அழுத்துங்கள். முதலில் சேர்க்கும் காட்சியின் அளவையே திட்டமும் எடுத்துக்கொள்ளும். ரீல்ஸ், ஷார்ட்ஸ் போன்ற நெடுக்கு வடிவம் வேண்டுமானால், நெடுக்காக எடுத்த காட்சியையே முதலில் சேர்க்க வேண்டும்.

‘ஓப்பன் ஃபைல்’ மூலம் காட்சியைத் திறக்கும்போது, சட்டக வேகம் நிலையாக இல்லை, தொகுப்பதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றலாமா என்று கேட்கும் பெட்டி வரலாம். பலர் இதைப் படிக்காமலேயே மூடிவிடுகிறார்கள். கைப்பேசிகள் வெளிச்சத்துக்கும் செயலியின் சுமைக்கும் ஏற்பச் சட்டக வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பதிவு செய்கின்றன. அப்படியே தொகுத்தால், நீளமான காணொளியில் போகப்போக உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் விலகிச் செல்லும். எனவே மாற்றிக்கொள்வதே நல்லது. தரத்துக்கு மூன்று நிலைகள் காட்டப்படும். வீட்டுக் காணொளிக்கு முதல் நிலையான ‘குட்’ போதும். உயர்ந்த நிலைகளில் கோப்பு மிகப் பெரிதாகிவிடும். மாற்றம் நடப்பதை வலப்பக்கத்தில் ‘ஜாப்ஸ்’ பகுதியில் பார்க்கலாம்.

அடுத்து, திறந்த காட்சியை இழுத்துக் கீழே உள்ள ‘டைம்லைன்’ பகுதியில் போடுங்கள். அந்தப் பகுதி தெரியாவிட்டால் மேலே ‘டைம்லைன்’ பொத்தானை அழுத்துங்கள். செங்குத்துக் கோட்டை வெட்ட வேண்டிய இடத்துக்குக் கொண்டுசென்று ஆங்கில எஸ் விசையை அழுத்தினால் காட்சி இரண்டாகப் பிரியும். வேண்டாத துண்டைத் தேர்ந்து எக்ஸ் விசையை அழுத்தினால் அது நீங்கி, பின்னால் உள்ளவை நகர்ந்து இடைவெளியை நிரப்பும். வெட்டுதலும் நீக்குதலும் இவ்வளவே.

தமிழில் தலைப்பு இடுவதையும் இப்போதே சோதியுங்கள். காட்சியைத் தேர்ந்து, ‘ஃபில்டர்ஸ்’ பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி, ‘டெக்ஸ்ட்: சிம்பிள்’ என்பதைச் சேர்த்து, பெட்டியில் ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழைத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்துருவாக விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ அல்லது கூகுள் இலவசமாக வழங்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் கொம்பும் துணைக்காலும் உரிய இடத்தில் அமையும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்காகத் தட்டச்சு செய்து வைத்த உரையை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும்; அதை முதலில் ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வெளியீடு. ‘சேவ்’ என்பது திட்டத்தைச் சேமிப்பது மட்டுமே. பிறருக்கு அனுப்பவோ யூடியூபில் ஏற்றவோ கூடிய காணொளி வேண்டுமானால் ‘எக்ஸ்போர்ட்’ செய்ய வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல், திட்டக் கோப்பை நண்பருக்கு அனுப்பிவிட்டு அது திறக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் உண்டு. ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தினால் இடப்பக்கம் பல முன்னமைவுகள் தெரியும். ‘டீஃபால்ட்’ என்பதையே வைத்துக்கொள்ளுங்கள். அது எச்264 முறையில் எம்பி4 கோப்பைத் தரும், கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் ஓடும். காணொளியை எழுதும் வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதியிடம் ஒப்படைக்கும் வன்பொருள் குறியாக்கியைப் பயன்படுத்தும் தேர்வுப் பெட்டியை முதல் சோதனையில் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக வந்த பிறகு அதை இயக்கி, நேரம் எவ்வளவு குறைகிறது என்று ஒப்பிடலாம். வெளியீட்டுப் பொத்தானை அழுத்திக் கோப்புக்குப் பெயர் கொடுத்தால் ‘ஜாப்ஸ்’ பகுதியில் விழுக்காடு ஏறத் தொடங்கும். முடிந்ததும் அந்தக் கோப்பை ஷாட்கட்டில் பார்க்காமல், கணினியில் உள்ள வேறு காணொளி இயக்கியிலும் (பிளேயர்) கைப்பேசியிலும் இறுதி வரை ஓடவிட்டுப் பாருங்கள்.

கணினி திணறினால்

முன்னோட்டம் விட்டுவிட்டு ஓடினால் உடனே புதிய கணினி வாங்க நினைக்க வேண்டாம். ‘செட்டிங்ஸ்’ பட்டியலில் ‘பிரிவியூ ஸ்கேலிங்’ என்பதை 360பி அல்லது 540பி என்று வையுங்கள். இது திரையில் காட்டும் தெளிவை மட்டும் குறைக்கும். வெளியீட்டின் தரம் குறையாது. அதிலும் சரியாகாவிட்டால் அதே பட்டியலில் ‘பிராக்ஸி’ என்பதை இயக்குங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறிய பதிலிக் கோப்பை ஷாட்கட் உருவாக்கிக்கொண்டு, தொகுக்கும்போது அதைப் பயன்படுத்தி, வெளியிடும்போது மூலக் கோப்புக்குத் திரும்பிவிடும். 4கே காட்சிகளை 8 ஜிபி நினைவகத்தில் தொகுக்க வேண்டியவர்களுக்கு இதைவிட உதவியான வசதி வேறில்லை. திரை கறுப்பாகவே இருந்தாலோ மென்பொருள் திறந்தவுடன் மூடிக்கொண்டாலோ, கிராஃபிக்ஸ் இயக்கியை (டிரைவர்) செயலி அல்லது கிராஃபிக்ஸ் அட்டை நிறுவனத்தின் தளத்திலிருந்து புதுப்பித்துப் பாருங்கள்.

புதிய பதிப்புக்கு மாறுதல்

‘ஹெல்ப்’ பட்டியலில் உள்ள ‘அப்கிரேட்’ மூலம் புதிய பதிப்பு வந்துள்ளதா என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு திட்டம் பாதியில் இருக்கும்போது பதிப்பை மாற்றாமல், அதை வெளியிட்டு முடித்த பிறகு மாற்றுங்கள். புதிய பதிப்பில் சேமித்த திட்டம் பழைய பதிப்பில் சரியாகத் திறக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே திட்டத்தில் இருவர் இரண்டு கணினிகளில் வேலை செய்வதானால், இருவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். கோப்பின் பெயரில் உள்ள தேதி எண்களைச் சொல்லிக்கொண்டாலே ஒத்துப்பார்த்துவிடலாம். புதிய பதிப்பையும் அதே தளத்திலிருந்து இறக்கி, அதே முறையில் ஹேஷைச் சரிபார்த்து நிறுவுங்கள். என்றாவது ஷாட்கட் வேண்டாம் என்று தோன்றினால் விண்டோஸ் ‘செட்டிங்ஸ்’ பகுதியின் ‘ஆப்ஸ்’ பட்டியலில் அதை நீக்கலாம். உங்கள் காட்சிகளும் திட்டக் கோப்புகளும் வெளியிட்ட காணொளிகளும் நீங்கள் வைத்த கோப்புறையில் அப்படியே இருக்கும்.